எங்கள் அப்பாவை நடக்க வைத்தவர்களுக்கு

பாம்பனில் எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும், ராமநாதபுரத்தில் எங்களோடு நின்றவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வாக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு, கைத்தடியை மட்டும் ஊன்றிக்கொண்டு படகுக் கரை வரைக்கும் நடந்து போனார். அம்மாவும் நானும் பின்னாலேயே போனோம். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றீர்கள். அங்கேயே உங்களிடம் நன்றி சொல்லத்தான் நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

ஏப்ரல் கடைசி வாரத்தில், விடிவதற்கு முன்னால், கிணற்றடி ஈரத்தில் அப்பா வழுக்கி விழுந்தார். வயது எழுபத்து நாலு. நான் திருப்பூரில், தம்பி கத்தாரில். அம்மா போட்ட சத்தத்தில் நீங்கள்தான் ஓடி வந்தீர்கள். எல்லோரும் பதறிப்போய்த் தூக்கி உட்கார வைக்கப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு மச்சான் தடுத்திருக்கிறார். அப்பாவின் வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்ததை அவர் கவனித்துவிட்டார். "இடுப்பு போயிருக்கு, அசைக்காதீங்க" என்று சொல்லிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, அதில் மெதுவாக நகர்த்திப் படுக்க வைத்திருக்கிறார்கள். எலும்பு டாக்டர் பிற்பாடு என்னிடம் முதலில் கேட்டதே "யார் இவரை இப்படிப் பதமாகக் கொண்டுவந்தது?" என்றுதான்.

108 வண்டியை ஓட்டி வந்த அண்ணனின் முகத்தை நான் பார்த்ததில்லை. மச்சான் சொல்லித்தான் தெரியும். பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். அதன் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி தடக்கென்று ஒரு குலுக்குக் குலுக்கும். நமக்கு அது தெரியவே தெரியாது. இடுப்பு உடைந்தவருக்கு உயிர் போகும். அந்த அண்ணன் ஒவ்வொரு இணைப்புக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, "அய்யா, இப்ப ஒண்ணு வருது" என்று குரல் கொடுத்துக்கொண்டே பாலத்தைக் கடந்திருக்கிறார். 1988-இல் இந்தச் சாலைப் பாலம் திறக்கும் வரைக்கும் ரயிலையோ படகையோ விட்டால் தீவிலிருந்து வெளியே போக வழியில்லை. அந்தக் காலத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்பா இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணே, நீங்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில், தொடை எலும்பின் பந்து உடைந்துவிட்டது, அதை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்க வேண்டும் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் அறுவை சிகிச்சைச் செலவு எங்கள் தலையில் விழவில்லை. அந்தக் காகித வேலைக்கு அலைந்தது முழுக்க என் சித்தப்பா மகன். இரத்தம் இரண்டு யூனிட் கேட்டார்கள். வந்து நின்றது ஒன்பது பேர்.

ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அரசு தருகிற நிவாரணம் 8,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டை ஓட்ட வேண்டிய பிள்ளைகள், ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு 14,500 ரூபாயை என் அம்மாவின் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். "கடலுக்குத்தான் போகலையே, சும்மாதானே கெடக்கோம்" என்று சொல்லி, முறை வைத்து ராத்திரியில் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே அப்பாவை எழுப்பி நிற்க வைக்கச் சொன்னபோது, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்ததும் அந்தப் பிள்ளைகள்தான். வருமானமே இல்லாத நேரத்தில் கொடுத்த பணம் அது. அதன் கனம் எனக்குத் தெரியும் தம்பிகளா.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகுதான் உண்மையான கஷ்டம். தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, குனியக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை. எங்கள் வீட்டில் இருந்தது நாற்காலியே இல்லாத திண்ணை. கழிவறையும் குந்துகிற மாதிரிதான். பள்ளிவாசல் தெரு அம்மா ஒருவர், தன் மாமியாருக்கு வாங்கிய கமோடு நாற்காலியைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மகனிடம் கொடுத்து அனுப்பினார். வாக்கர் மாதா கோயிலிலிருந்து வந்தது. ஆசாரி மாமா ஒரு மர நாற்காலியின் நாலு காலுக்கும் கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்தார், இடுப்பு முட்டியை விடத் தாழ்ந்து போகாதபடி.

அப்பாவைக் குளிப்பாட்ட நான் கை வைத்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் கையால் குளிக்க அவருக்குக் கூச்சம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் காலையிலிருந்து மச்சான் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றரை மாதம் குளிப்பாட்டிவிட்டார். மச்சான், இதற்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்வது?

எதிர்வீட்டுப் பெரியம்மாவை மறக்க முடியாது. மீன் கொடுத்தால் புண் சீழ் வைக்கும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். டாக்டரிடம் கேட்டேன், தாராளமாகக் கொடுங்கள், சத்துதான் என்றார். அன்றிலிருந்து பெரியம்மா வீட்டிலிருந்து பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட காரல் குழம்பு வரும். கிடைத்த அன்றைக்குப் பால்சுறாப் புட்டும் வரும். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது அந்தக் குழம்புக்குத்தான்.

பார்க்க வந்தவர்களிடம் ஒரு வார்த்தை. தையல் பிரிக்கும் வரைக்கும் மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் வாருங்கள், ஒரு நேரத்துக்கு இரண்டு பேர் போதும் என்று நான் சொன்னது சிலருக்கு வருத்தமாக இருந்திருக்கும். கோபித்துக்கொள்ளாமல் வாசலில் நின்று காத்திருந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். அப்பாவின் கூட்டாளி ஒருவர் மட்டும் தினமும் வருவார். அதிகம் பேசமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, தெற்குக் கடலில் கச்சான் காற்று எப்படி அடிக்கிறது, யாருக்கு என்ன மீன் பட்டது என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்து போவார். அதற்காகவே அப்பா சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

நான் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு திருப்பூரில் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு மாறி, விடியும்போது வந்து சேருவேன். ராத்திரியே திரும்ப வேண்டும். இப்படிப் பதினொரு ஞாயிறு வந்தேன். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, வந்து இறங்கியபோது பார்த்த காட்சி கண்ணிலேயே இருக்கிறது. வாசல் பூவரச மரத்துக் கிளையில் கிழிந்த வலை ஒன்றைக் கட்டி, அப்பாவின் நெஞ்சு உயரத்துக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். அப்பா அந்த உயர்த்திய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் தரையில் உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்தவர். இப்போது கட்டைவிரலுக்குப் பதிலாக ஒரு பையன் வலை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா விரலால் கண்ணியை அளந்து முடிச்சுப் போட்டார். "இழுத்துப் பிடிடா" என்று அவனை அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அம்மா அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

அந்த வலையைக் கொண்டுவந்து கட்டிய படகுக்கார அண்ணனுக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்காகவே எடுத்து வந்திருக்கிறார்.

வாக்கரைத் துடைத்துக் கோயிலில் திரும்பக் கொடுத்துவிட்டோம். கமோடு நாற்காலியை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார், அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் எந்த நேரத்திலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஞாயிறு வருகிறேன். மதியச் சாப்பாடு எல்லோருக்கும் எங்கள் வீட்டில். பெரியம்மா அன்றைக்கு அடுப்புப் பக்கம் போகக் கூடாது, நான் சமைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தெருப் பெண்