மூன்றாவது ஆள்

அன்புள்ள மச்சான்,

நீ போன கடிதத்தில் "இப்ப உங்கட படகில எத்தனை பேர் போறீங்கள்" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தாய். உடனே பதில் எழுதியிருக்கலாம், ஆனால் அந்தக் கேள்வி என்னை மூன்று கிழமையாக விடவில்லை. போன மாசிவரை இரண்டு பேர். இப்போது மூன்று பேர். அது எப்படி மாறியது என்பதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன், வீட்டுச் செய்திகளைப் பிறகு பார்ப்போம்.

நீ இங்கே இருந்த காலத்தில் வலைத்தொழிலுக்கு மூன்று பேர் போவது சாதாரணம், சில நேரம் நாலாவதாக ஒரு பெடியனும் வருவான், தண்ணி இறைக்க, தொழில் பழக. 2022 ஆவணியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. நம்முடைய வெளியிணைப்பு எஞ்சின்கள் ஓடுவது அதில்தானே. பங்குக் கணக்கு உனக்கு மறந்திருக்காது: எண்ணெய், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்து மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பகுதி, மற்றது ஆட்களுக்கு. எண்ணெய்க் காசைக் குறைக்க முடியாது, கடலைப் பக்கத்தில் கொண்டுவரவும் முடியாது, குறைக்கக் கூடியது ஆள் ஒன்றுதான். ஒருவனை நிறுத்தினால் மற்ற இருவருக்கும் பங்கு கூடும். படகுச் சொந்தக்காரரான எந்தச் சம்மாட்டியும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை மச்சான், நாங்களே செய்தோம். நானே செய்தேன்.

அதன் பிறகு என் நாள் எப்படிப் போனது என்று சொல்கிறேன். பின்னேரம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, இருட்டுவதற்குள் வலை விட்டு, நடுச்சாமத்துக்குப் பிறகு இழுக்கத் தொடங்கி, விடிய வந்து சேர்ந்து, வலையில் இருந்து மீன் கழற்றி, ஏலம் முடித்து, கிழிந்ததைப் பொத்தி, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கப் பதினொரு மணியாகும். இரண்டு மணிக்கு எழும்ப வேண்டும். அந்த மூன்று மணித்தியாலத்திலும் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள், வெயில் கூரையைச் சுடும். கடலில் கொஞ்சம் கண்மூடலாம் என்றால் வலையைக் காவல் காக்க வேண்டும். எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிற பெரிய இழுவைப்படகுகள் வந்தால் வெளிச்சம் காட்ட யாராவது விழித்திருக்க வேண்டுமே. இரண்டு பேரில் ஒருவன் காவல், மற்றவன் படுத்தும் படுக்காமலும் கிடப்பான்.

போன மாசியில் ஒரு விடியற்காலம், மண்டைதீவுப் பக்கமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். கடல் பேசாமல் கிடந்தது, காற்று இல்லை. சுக்கானைப் பிடித்திருந்தது நான்தான். எனக்கு நித்திரை வந்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன், வந்ததே தெரியாது. எஞ்சினின் சத்தம் மாறியபோதுதான் கண் திறந்தேன். படகு யாரோ ஒருவர் கடலில் கம்பு நட்டுக் கட்டியிருந்த களங்கண்ணி வலையின் கம்புகளுக்குள் பாய்ந்து நின்றது, கயிறு புரோப்பலரில் சுற்றியிருந்தது, படகின் முன்பக்கம், அணியத்தில் கிடந்த பெடியனின் தலைக்கு ஒரு சாண் தள்ளி ஒரு கம்பு முறிந்து கூராக நின்றது. அவனுக்கு வயது 22. அவனுடைய தாய் என்னை நம்பித்தான் அனுப்புகிறாள். வலைக்காரனுக்கு நட்டத்தைக் கட்டிவிட்டேன், அது பெரிய காரியமில்லை. அந்தக் கம்பு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் என் தங்கச்சியின் மகன் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியது. அவன் இரண்டு வருடம் திருகோணமலையில் இருந்து பலநாள் படகில் போனவன். ஐந்து பேர், நாலு கிழமைக்கு மேல் கடல். தூண்டில் கயிறு கிலோமீற்றர் கணக்கில் நீளும், அதை விட்டு முடிக்க அரை இரவு, இழுத்து முடிக்க அதைவிடக் கூட. சமைக்கிறவனும் இழுக்க வேண்டும், எஞ்சின் பார்க்கிறவனும் இழுக்க வேண்டும். ஒரே மூச்சில் நாலு மணித்தியாலம் படுத்த நாள் அவனுக்கு நினைவில்லை. இரண்டாவது இரவாகத் தொடர்ந்து இழுத்தபோது, விடியப்புறம் மூன்று மணியளவில், கை கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சுக்குள் போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. "தண்டையல் கெட்டவர் இல்லை மாமா, அவரும் என்னைப் போலத்தான் நித்திரை இல்லாமல் நின்றவர்" என்று படகை நடத்தினவரைப் பற்றிச் சொன்னான். அந்தச் சொல்தான் எனக்கு மிகவும் நோகிறது. குற்றம் சொல்ல ஒரு ஆள்கூட இல்லாத இடத்தில் அவனுடைய விரல் போயிருக்கிறது.

உங்கள் தொழிற்சாலையில் இரண்டு வேலைக்கு நடுவில் இவ்வளவு நேரம் ஓய்வு தந்தே ஆகவேண்டும் என்று நீ முன்பு எழுதியிருந்தாய் அல்லவா, கடலுக்கும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று மகளைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2007இல் மீன்பிடித் தொழிலுக்கென்றே ஒரு சமவாயம் செய்திருக்கிறது, 188ஆம் இலக்கம், 2017 கார்த்திகையில் நடைமுறைக்கு வந்தது. உன் நோர்வே 2016இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆசியாவில் முதலில் ஏற்றது தாய்லாந்து, 2019இல். மூன்று நாளுக்கு மேல் கடலில் நிற்கும் படகு சிறிதோ பெரிதோ, ஒரு ஆளுக்கு 24 மணித்தியாலத்தில் 10 மணித்தியாலமும், ஏழு நாளில் 77 மணித்தியாலமும் ஓய்வு குறையக் கூடாது. பாதுகாப்பாக ஓட்டப் போதுமான ஆட்கள் இல்லாமல் படகு வெளிக்கிடக் கூடாது. 24 மீற்றரும் அதற்கு மேலும் உள்ள படகென்றால் எத்தனை பேர், என்ன தகுதி என்று அரசாங்கமே நிர்ணயிக்க வேண்டும். ஆபத்து வந்தால், அல்லது வேறொரு படகு தத்தளித்தால், ஓய்வை நிறுத்தி எல்லோரையும் வேலைக்கு எழுப்பலாம், ஆனால் அது முடிந்ததும் ஓய்வு நேரத்தில் வேலை செய்தவர்களுக்குப் போதுமான ஓய்வு கொடுக்க வேண்டும். இதை எழுதினவர்கள் கடலைத் தெரிந்தவர்கள் என்று அந்த இடத்தில்தான் நம்பினேன்.

ஆனால் பார், மூன்று நாளுக்கு மேல் என்று வைத்திருக்கிறார்கள். நாங்கள் தினமும் கரைக்கு வருகிறோம், அதனால் அந்த 10 மணித்தியாலக் கணக்கு எங்களைத் தொடாது. எங்களைப் போன்ற படகுகளுக்கு அதில் இருப்பது போதுமான ஓய்வு கொடு என்ற பொதுவான வரிதான். கரைக்கு வருவதும் ஓய்வும் ஒன்றல்ல என்பதை என்னைவிட யார் சொல்ல முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 தையில் நம் இலங்கை மீனுக்குத் தடை போட்டு 2016இல் எடுத்தது, நினைவிருக்கும். அந்த விவகாரத்தோடு ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளில் இடம் காட்டும் கருவியும், பிடித்த மீனைப் பதியும் பதிவேடும் கட்டாயமாக இறுகின. நல்ல விஷயம்தான். எந்த இடத்தில், எந்த மீன், எத்தனை கிலோ எல்லாம் எழுதுகிறார்கள். தங்கச்சியின் மகனிடம் கேட்டேன், யார் எத்தனை மணித்தியாலம் படுத்தான் என்று எழுத அதில் இடம் உண்டா என்று. அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

1997இல் ஆஸ்திரேலியாவில் ஆட்களை விழித்திருக்க வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருந்தவனின் கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவனுடையதைப் போல் ஆகிவிடுமாம், 24 மணித்தியாலம் என்றால் 0.10 வீதம் அளவுக்கு. குடித்துவிட்டுப் படகில் ஏறுகிறவனை நான் ஒருநாளும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அந்த மாசி விடியலில் நான் இருந்த நிலை அதைவிட என்ன குறைவு?

சரி, மூன்றாவது ஆளின் கதைக்கு வருகிறேன். பங்குனியில் சேர்த்தேன். பங்கு குறைந்தது, அதை மறைக்க மாட்டேன், சில கிழமை வீட்டில் கணக்குப் பார்த்து மனைவி பேசாமல் இருந்தாள். ஆனால் வலை கெதியாக ஏறுகிறது, மீன் பதம் கெடாமல் ஐஸுக்குள் போகிறது, இரண்டு பேர் வேலையில் நிற்க ஒருவன் இரண்டு மணித்தியாலம் நிம்மதியாகக் கிடக்கிறான், முறை வைத்து மாறுகிறோம். வரும்போது சுக்கானில் இருக்கிறவன் கட்டாயம் படுத்து எழும்பினவனாக இருக்க வேண்டும், இது என் படகின் சட்டம். "உனக்குப் பிள்ளை வெளிநாட்டில், உன்னால் முடியும்" என்று ஒருவன் ஏலத்தில் நின்று சொன்னான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது, அவனுக்கு மூன்று பிள்ளைகள் படிக்கின்றன, அவனைப் பார்த்து ஆள் சேர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இது ஒருவன் தனியாகச் செய்கிற காரியமில்லை என்கிறேன். எல்லாப் படகும் சேர்ந்து இரவுத் தொழிலுக்கு இரண்டு பேர் போவதில்லை என்று நின்றால்தான் யாருக்கும் பாதகம் வராது.

ஞாயிறு கடலில்லை என்று நம் ஊரில் அப்புமார் கட்டி வைத்ததை யாரும் மீறினதில்லை. பூசைக்காக என்றுதான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். கிழமையில் ஒரு இரவாவது எல்லா ஆம்பிளைகளும் வீட்டில் படுத்தார்கள் என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். இப்போது இழுவைப்படகு வரும் நாட்களிலும் வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் அது வலை அறுபடும் என்று பயந்து இருக்கிற இருப்பு, நித்திரை எங்கே வரும். இழந்த நாளைப் பிடிக்க மற்ற நாட்களில் இன்னும் கூட ஓடுகிறோம்.

அடுத்த மாதம் சங்கக் கூட்டம். இதைப் பற்றிக் கதைக்க எனக்கு நேரம் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். உன்னிடம் ஒரு உதவி. உன் ஊரில் சின்னப் படகுக்காரர், நம்மைப் போல இரண்டு மூன்று பேராகப் போய் அன்றன்றைக்கே திரும்புகிறவர்கள் இருந்தால், அவர்களோடு போய்க் கதைத்துப் பார். எத்தனை பேர் போகிறார்கள், பங்கை எப்படிப் பிரிக்கிறார்கள், தொடர்ந்து எத்தனை நாள் போவார்கள், ஆள் குறைந்தால் படகைக் கட்டிவிடுவார்களா. அவர்கள் சொன்னபடியே எழுது, கூட்டிக் குறைக்காதே. வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினாலும் சரி, கூட்டத்தில் போட்டுக் காட்டலாம், உன் குரலைக் கேட்டால் பழைய ஆட்கள் கொஞ்சம் கூடக் காது கொடுப்பார்கள்.

இன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை. மூன்றாவது ஆளாக வருகிற பெடியனுக்குக் காய்ச்சல். மற்றவன் வந்து நாங்கள் இரண்டு பேரும் போவோமா என்று கேட்டான், வேண்டாம் என்று அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் மச்சான்,
யாழ்ப்பாணம் குருநகரில் இருந்து