யூனிகோடில் வெளியிடுங்கள், யூனிகோடில் வாங்கிக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய அலுவலகத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். மனு, கல்யாணப் பத்திரிகை, ஆன்லைன் விண்ணப்பம் என்று நாள் முழுக்கத் தமிழ் தட்டுவதுதான் பிழைப்பு. போன வாரம் உங்கள் அலுவலகம் இணையத்தில் ஏற்றிய உதவித்தொகை அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது பழைய பாமினி எழுத்துருவில் இருக்கிறது என்று போனிலும் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். "எங்களுக்கு நல்லாத்தானே தெரியுது" என்று பதில் வந்தது.

பார்க்கிறவர்களுக்கு நன்றாகத்தான் தெரியும். கேட்டுப் படிப்பவர்களைப் பற்றித்தான் நான் சொன்னேன்.

ஏற்காட்டிலிருந்து ஒரு மாணவி என் கடைக்கு வருவார். அப்பா காபித் தோட்டத்தில் வேலை செய்கிறார். இந்தத் தங்கைக்குப் பார்வை கிடையாது. அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினிதான் இப்போது இவரிடம் இருக்கிறது. அதில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், போட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் ஆரம்பித்த மென்பொருள் அது. காசு கிடையாது, தமிழையும் வாசிக்கும். யூனிகோடில், அதாவது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே குறியெண் வைத்திருக்கும் முறையில், இருக்கும் எந்தத் தமிழைக் கொடுத்தாலும் கடகடவென்று படித்துவிடும். அவர் கேட்கும் வேகத்துக்கு என் காது ஈடுகொடுக்காது.

உங்கள் அறிவிப்பை அதில் திறந்தோம். பழைய எழுத்துருவில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று நீங்கள் பார்க்கும் இடத்தில் கணினியிடம் இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. திரைவாசிப்பான் உள்ளதைத்தானே வாசிக்கும்? சில இடங்களில் எழுத்தெழுத்தாகச் சொன்னது, சில இடங்களில் அர்த்தமில்லாத ஆங்கிலம் மாதிரி ஏதோ உளறியது. எண்கள் மட்டும் சரியாகக் கேட்டன. அவர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, "அண்ணா, 31-ன்னு மட்டும் கேக்குதுங்க. 31-க்குள்ள என்ன பண்ணணும்னு தெரியலைங்க" என்றார். அது கடைசித் தேதியா, வயது வரம்பா என்றுகூடப் புரியவில்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவித்தொகை அறிவிப்பு ஐயா அது.

நான் படித்துச் சொன்னேன். சரி, அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. விண்ணப்பத்தோடு வைக்கும் இணைப்புக் கடிதத்தை அவரே தமிழ்99 விசைப்பலகையில், யூனிகோடில் தட்டினார். அவர் தட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலும் மெய். அ, ம, ம, ஆ என்று நாலு விசை தட்டினால் 'அம்மா' வந்துவிடுகிறது. புள்ளியை அதுவே வைத்துக்கொள்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி நம் அரசே தரப்படுத்திய விசைப்பலகை. அதை ஒரு பார்வையற்ற பெண் யார் துணையும் இல்லாமல் தட்டி, தன் எழுத்தைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வதைப் பார்க்கும்போது, இந்தத் தொழிலுக்கு வந்ததற்கே மனது நிறைந்துபோகிறது.

அந்தக் கடிதம்தான் திரும்பி வந்தது. 'எழுத்துரு சரியில்லை, குறிப்பிட்ட எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பவும்' என்று உங்கள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். ஒரு பிழைகூட இல்லாமல் அவர் எழுதியதை, மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, என் கடையில் கொடுத்து மறுபடி தட்டச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான் காசு வாங்கவில்லை. ஆனால் எல்லா ஊரிலும் எல்லாக் கடையிலும் அப்படி இருக்குமா? அவருடைய சொந்த எழுத்தை இன்னொருவர் கையால் எழுதி வாங்கச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

2010 ஜூன் மாதமே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டாகிவிட்டது. மின்னணு வடிவில் வரும் தகவல் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. இதெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஆகவே யூனிகோடில் வெளியிடுங்கள், யூனிகோடில் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

உங்கள் தட்டச்சர்கள் பழைய தட்டச்சு முறையில் கை பழகியவர்கள் என்று ஒரு காரணம் சொன்னார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குப் புரியாதா? நானும் தட்டச்சுப் பள்ளியில் படித்து வந்தவன்தான். ஆனால் விரல் தட்டும் விசைப்பலகை வேறு, எழுத்தைக் கணினி உள்ளே வைத்துக்கொள்ளும் குறியாக்கம் வேறு. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால், அதே பழைய தட்டச்சு முறையிலேயே யூனிகோடு தட்டலாம். விரல் பழக்கத்தை யாரும் மாற்றவே வேண்டாம். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் இருக்கிறது. நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொல்லும் இணைய முகவரியும் மாற்றும்போது கெட்டுப்போகும். அதை மட்டும் ஒருமுறை பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டும் அச்சகங்களுக்குச் சிக்கல் இருப்பது உண்மை, அது பழைய மென்பொருள், யூனிகோடு தமிழ் அதில் ஏறாது. இணையத்தில் போடும் அறிவிப்புக்கு அந்தச் சாக்கும் இல்லையே.

பார்வை உள்ளவர்களுக்கும் இதனால் கஷ்டம்தான். போனில் 'உதவித்தொகை' என்று தேடும் ஒரு தகப்பனாருக்கு உங்கள் அறிவிப்பு அகப்படாது, ஏனென்றால் அதற்குள் அந்தச் சொல்லே கிடையாது. போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், குறைத்தால் தெளிவில்லை என்பார்கள். ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும். இந்தத் தொல்லைகளால் ஒரு வேலையாள் கூலியை விட்டுவிட்டு வந்து என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு அன்றைய சம்பளத்தை யார் கொடுப்பது? கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். அவற்றைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இப்போது பணிவோடு கேட்டுக்கொள்வது இதுதான். அந்த அறிவிப்பை யூனிகோடில் மாற்றி மறுபடி ஏற்றுங்கள். எழுத்துருவைக் காரணம் காட்டித் திருப்பிய கடிதங்களை வந்தபடியே ஏற்றுக்கொள்ளுங்கள். இவரைப் போல் இன்னும் எத்தனை பேர் வெறும் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு விட்டிருப்பார்களோ, அவர்களுக்காகக் கடைசித் தேதியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மாற்ற ஆள் இல்லையென்றால் கோப்பை எனக்கு அனுப்புங்கள், அன்றைக்கே மாற்றி, சரிபார்த்து அனுப்பிவிடுகிறேன். கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டிடிபி கடைக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.