பகல் கச்சேரிக்குச் சன்மானம் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மார்கழி இசைவிழா சிறப்பிதழில் மாலைக் கச்சேரிகளின் டிக்கெட் விலை முதல் கேன்டீன் மெனு வரை எல்லாம் இருந்தது. பகல் நேரத்தில் பாடும், வாசிக்கும் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

என் மகன் மிருதங்கம் வாசிப்பவன். பெரும்பாலான சபாக்களில் பகல் கச்சேரிக்கு அனுமதி இலவசம்; சன்மானமும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு கவர் வரும். பிரித்துப் பார்க்கும்வரை அதில் எவ்வளவு என்று தெரியாது. முன்கூட்டிக் கேட்டால் மரியாதை தெரியாதவன் என்பார்கள். ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை, பெண் குரலுக்கு ஐந்து கட்டை என்று சுருதி மாறுவதால் அவன் இரண்டு மிருதங்கமாவது வைத்திருக்க வேண்டும். சீசன் நடுவில் வலந்தலை (மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல்) போய்விட்டால் அந்தச் செலவு தனி. அந்தக் கனத்தோடு நங்கநல்லூரிலிருந்து மயிலாப்பூருக்குப் பஸ்ஸில் போக முடியாது. கவரில் இருப்பது சில நாள் ஆட்டோவுக்கே காணாது. பல கச்சேரிகளில் பாடும் பெண்ணின் பெற்றோர்தான் பக்கவாத்தியக்காரர்களுக்குக் கைக்காசைக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். மேடை வேண்டுமென்றால் 'நன்கொடை' என்று ஜாடை காட்டிய ஒரு செயலாளரையும் பார்த்துவிட்டேன்.

"அரங்கில் இருபது பேர்கூட இல்லை, எங்கிருந்து கொடுப்பது?" என்கிறார்கள். ஆனால் மேடைக்குப் பின்னால் தொங்கும் விளம்பரதாரர் பேனரை மதியத்தில் யாரும் கழற்றி வைப்பதில்லையே! மைக் செட்காரருக்குக் கூலி உண்டு. "வாய்ப்புக் கொடுக்கிறோமே" என்று அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். (ரசிகர்களாகிய நாமும் லேசுப்பட்டவர்கள் அல்லர். அதே மதியத்தில் கேன்டீன் இலைக்கு வரிசையில் நிற்போம். பகல் கச்சேரிக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட் வைத்தால் முகம் சுளிப்போம்.)

நட்சத்திரப் பாடகருக்குக் கொடுப்பதை இவர்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. 1927 காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து கணக்கிட்டால் இந்த சீசன் நூறாண்டைத் தொடுகிறது. இனியாவது தேதி கொடுக்கும் கடிதத்திலேயே பாட்டுக்கு இவ்வளவு, வயலினுக்கு இவ்வளவு, மிருதங்கத்துக்கு இவ்வளவு என்று எழுதிவிடட்டும். சிறு தொகை என்றால் ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதை அவர்கள் வீட்டிலேயே முடிவு செய்துகொள்வார்கள். பாடகர் கையில் ஒரே கவரைத் திணித்து "பிரித்துக்கொள்ளுங்கள்" என்பதை விட்டு, அவரவர் வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம். விளம்பரதாரரிடமிருந்து சபாவுக்குப் பணம் அப்படித்தானே வருகிறது?

– ஒரு மிருதங்கக் கலைஞனின் தந்தை,
நங்கநல்லூர், சென்னை.