தானாக ஓடும் வண்டி

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் வலி குறைந்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். கிளாஸ்கோ மழையைப் பற்றி எழுதத் தொடங்கினால் தாள் போதாது.

"இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓடும், அதற்குப் போய் ஒரு பந்தயமா?" என்று கேட்டிருக்கிறாய். தானாக ஓடுவதுதானப்பா சிக்கலே! மகனோடு இங்கே ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் என்ற ஊருக்குப் போய், மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும் 'டவுன்ஹில்' பந்தயம் ஒன்று பார்த்தேன். சைக்கிளைக் கோண்டோலாவில், அதாவது கம்பியில் தொங்கிப் போகும் ரோப் கார் பெட்டியில், ஏற்றி மேலே கொண்டுபோகிறார்கள். மூன்று கிலோமீட்டருக்குள் சுமார் 550 மீட்டர் இறக்கம். வழியெல்லாம் பாறை, வேர், சேறு. ஒவ்வொருவராகத்தான் விடுகிறார்கள். தேர்ந்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் கீழே நிற்கிறார்கள்.

ஒரு வண்டியைக் கிட்டே போய்ப் பார்த்தேன். முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷன். முன் ஃபோர்க், மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போல ஹேண்டில்பார்வரை எழும்பி நிற்கிறது. சீட் பெயருக்குத்தான், ஓட்டுபவர் நின்றபடியே வருகிறார். முன்சக்கரம் 29 அங்குலம், பின்சக்கரம் 27.5. செங்குத்தான இடத்தில் உடம்பைப் பின்னே சாய்க்கும்போது பெரிய சக்கரமாக இருந்தால் பிருஷ்டத்தைப் பதம் பார்த்துவிடுமாம்! பிரேக் டிஸ்க் மட்டும், பட்ட சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது.

இந்த விளையாட்டின் கதையே பிரேக்கில்தான் இருக்கிறது. 1976-இல் கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் சில இளைஞர்கள், அப்போதே முப்பது நாற்பது வயதான கனத்த ஷ்வின் கம்பெனி சைக்கிள்களில் மலைப்பாதையில் இறங்கிப் போட்டி போட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால், பின்சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள் பிடிக்கும் பிரேக். கீழே வருவதற்குள் உள்ளிருக்கும் கிரீஸ் கருகிப் புகைந்துவிடும். ஹப்பைக் கழற்றித் திரும்ப கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். உன் அப்பா கடையில் நாள் முழுக்க அந்த வேலை பார்த்தவன் நீ. உனக்கு விளக்க வேண்டியதில்லை.

உன் கட்சிக்கு வலு சேர்க்க ஒரு செய்தியும் தருகிறேன். 2015-இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த இதே மாதிரிப் பந்தயத்தில் ஆரன் க்வின் என்ற அமெரிக்கருக்குக் கிளம்பிய கணமே சங்கிலி அறுந்துவிட்டது. ஒரு மிதிகூட மிதிக்க முடியாமல் இறங்கி, முதலிடம் பிடித்தார். தானாக ஓடியது என்பாய். சங்கிலி இல்லாதவர் ஒரு வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவிட்டால், இழந்த வேகத்தை மிதித்து மீட்க வழியில்லை. எங்கெல்லாம் பிரேக்கைத் தொடாமல் வரலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பையனுக்கு இப்படி ஒரு வண்டி வாங்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். பதினைந்து பதினாறு கிலோ கனம், மேடேற உதவாது. கோண்டோலா இல்லாத உன் ஊரில் தள்ளிக்கொண்டேதான் ஏற வேண்டும். பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத சாதாரண மலை சைக்கிள் ஒன்றை, நல்ல டிஸ்க் பிரேக்கோடு வாங்கிக் கொடு. விலை விசாரித்து எழுது, பாதியை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்