45 நிமிடத்தில் கோவையா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், விமான நிலையங்கள் பற்றிய கட்டுரையை ஒட்டிக் கட்டம் கட்டி ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். ‘தூத்துக்குடி – கோவை: 280 கி.மீ., 45 நிமிடம்’ என்று அதில் ஒரு வரி. தூரத்தில் எனக்கு வழக்கில்லை. வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் அவ்வளவுதான் வரும். அந்த விமானம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதையும் சேர்த்துப் போட்டிருந்தால் பாளையங்கோட்டைக்காரர்கள் நாங்கள் பெட்டியைக் கட்டியிருப்போம்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் விமானம் ஏறி நான் கோவைக்குப் போனவன். நேரடி விமானம் இல்லாததால், வடமேற்கே இருக்கும் ஊருக்கு வடகிழக்கே கிளம்ப வேண்டியிருந்தது. சென்னை வரை 500 கி.மீ.க்கு மேல்; அங்கிருந்து மேற்கே இன்னொரு 400. அடுத்த விமானத்தின் நேரத்தை மாற்றிவிட்டதாக நிறுவனம் குறுஞ்செய்தி அனுப்பியது, நான் சென்னையில் இறங்கிய பிறகு. கோவையில் என் தங்கை பேத்தியின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது நான் மீனம்பாக்கத்தில் போர்டிங் பாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். முந்தின இரவு நாகர்கோவில் – கோவை ரயிலில் ஏறிய என் மைத்துனர் குளித்து, சாப்பிட்டு, சபையில் முன்வரிசையில் இருந்தார். டிக்கெட்டுக்கு நான் கொடுத்த பணத்தை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வாகைக்குளத்தில் ஓடுபாதையை 1,350 மீட்டரிலிருந்து 3,115 மீட்டராக நீட்டினார்கள். சுமார் 450 கோடி ரூபாயில் புதிய முனையம் கட்டி 2025 ஜூலையில் திறந்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் ஓடுபாதை நீண்டதால் கோவை பக்கத்தில் வந்துவிடுமா? ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று 2017இல், சிறிய ஊர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் உடான் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது பிரதமர் சொன்னார். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்றார்கள். அந்தத் திட்டத்தில் 2018இல் வந்த சேலம் விமானம் இடையில் நின்று, 2023 அக்டோபரில்தான் மறுபடி பறந்தது. வேலூர் இன்னும் காத்திருக்கிறது. இவற்றையெல்லாம் உங்கள் நாளிதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அட்டவணை தயாரித்தவர் உங்கள் நாளிதழைப் படிப்பதில்லை போலும்.

விமானத்தை விடுங்கள். தூத்துக்குடியிலிருந்து கோவைக்கு இணைப்பு ரயில் ஒன்று இருந்தது. மணியாச்சியில் நாகர்கோவில் வண்டியோடு பெட்டிகளைக் கோப்பார்கள். கொரோனாவில் நிறுத்தியதைத் திருப்பித் தரவில்லை. 2024இல் மேட்டுப்பாளையம் வண்டியை விட்டார்கள், அதுவும் வாரத்துக்கு இருமுறை. கல்யாணத்தையும் ஆஸ்பத்திரியையும் அந்த இரண்டு நாள்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரயில்வே நினைக்கிறது போல.

ஒரு காலத்தில் நீங்கள் தென்மாவட்ட ரயில் நேரங்களை மாதாமாதம் வெளியிட்டு வந்தீர்கள். அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிவைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை, பெரிய பத்திரிகை, ஆயிரம் வேலை இருக்கும்.

இப்போது நான் கேட்பது சிறிய காரியம். அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது ‘நேரடி விமானம் உண்டா?’ என்று ஒரு பத்தி சேருங்கள். ரயில் நேரங்களையும் மறுபடி போடுங்கள். இடமில்லையென்றால் ராசிபலனில் இரண்டு ராசிகளைக் குறைத்துக்கொள்ளலாம்; என் ராசியிலிருந்தே தொடங்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பாளையங்கோட்டை