ஹைடனின் ஒப்பந்தமும் பீத்தோவனின் தொப்பியும்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். ஐரோப்பாவில் இசைக் கலைஞன் அரண்மனைப் பணியாள் என்ற நிலையிலிருந்து விடுபட்ட வரலாற்றைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை ஊன்றிப் படித்தேன். விறுவிறுப்பான நடை, பல இடங்களில் ரசித்தேன். ஆயினும் அதன் மையமாக நீங்கள் நிறுத்தியிருக்கும் காட்சியோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதை உங்களிடம் தனியாகச் சொல்வதைவிட, இதே எண்ணம் பலருக்கும் இருப்பதால், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பொறுத்தருள்க.

1812 கோடையில் பொஹீமியாவின் டெப்லிட்ஸ் நகரில் ஜெர்மன் கவிஞர் கதேயும் இசையமைப்பாளர் பீத்தோவனும் சேர்ந்து நடந்துவருகிறார்கள். எதிரே பேரரசியும் அரச குடும்பத்தாரும் வருகிறார்கள். கதே ஒதுங்கி நின்று தொப்பியைக் கழற்றித் தலைவணங்குகிறார். பீத்தோவனோ தொப்பியை இன்னும் அழுத்திக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகிறார். இந்த நொடியில்தான் கலைஞன் விடுதலை அடைந்தான் என்று முடித்திருக்கிறீர்கள். 1887-இல் கார்ல் ரோலிங் வரைந்த ஓவியத்தின் வழியாக உலகெங்கும் பரவிய காட்சி இது. இதற்கான மூலம், பீத்தோவன் தமக்கு எழுதியதாகச் சொல்லி எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் வெளியிட்ட ஒரு கடிதம். அது அச்சில் வந்தபோது பீத்தோவனும் உயிரோடு இல்லை, கதேயும் உயிரோடு இல்லை. அதன் மூலப்படி இன்றுவரை கிடைத்ததும் இல்லை. இருவரும் டெப்லிட்ஸில் சந்தித்தது மட்டும் உறுதி. கதேக்கு அரசவைக் காற்று ஒரு கவிஞருக்குத் தகுவதைவிட அதிகமாகவே பிடித்திருக்கிறது என்று பீத்தோவன் தம் பதிப்பாளருக்கு எழுதியதும், பீத்தோவன் சற்றும் அடங்காத மனிதர் என்று கதே தம் நண்பர் செல்டருக்கு எழுதியதும் ஐயத்துக்கு இடமில்லாத சான்றுகள். தொப்பிக் கதைக்கு அந்த வலு இல்லை.

கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கடிதத்தின்படி பீத்தோவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றியவர்களுள் ஒருவர் இளவரசர் ருடால்ஃப். அவர் பீத்தோவனின் மாணவர். அதோடு அவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கி வந்தவர். அதே கோடையில் டெப்லிட்ஸுக்குப் போகும் வழியில் பீத்தோவன் பிராகாவில் இறங்கி, மற்றொரு புரவலரான கின்ஸ்கி இளவரசரைச் சந்தித்து, நிலுவையில் ஒரு பகுதியாக 60 டுகாட் பொற்காசுகளை வாங்கிக்கொண்டுதான் பயணத்தைத் தொடர்ந்தார். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்காமல் விடுதலையைப் பற்றிப் பேச முடியாது என்பதற்காகவே சொல்கிறேன்.

என் எண்ணத்தில், நீங்கள் தேடும் திருப்புமுனை 1779 ஜனவரி 1 அன்று கையொப்பமான ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டவர் இசையமைப்பாளர் ஜோசப் ஹைடன். அவரை உங்கள் கட்டுரை "சீருடை அணிந்த பணிவான முதியவர்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது.

சீருடை அணிந்தவர்தான், மறுக்கவில்லை. ரோராவ் என்ற சிற்றூரில் வண்டிச்சக்கரம் செய்யும் தச்சருக்கும், பிரபு வீட்டில் சமையல் வேலை பார்த்த தாய்க்கும் 1732-இல் பிறந்த ஹைடன், 1761 மே 1 அன்று ஹங்கேரியப் பிரபு குடும்பமான எஸ்தர்ஹாசியின் இளவரசரது இசைக்குழுவில் துணை இயக்குநராகச் சேர்ந்தபோது எழுதப்பட்ட ஒப்பந்தம் இன்றும் கிடைக்கிறது. ஐரோப்பிய இசை வரலாற்றில் நுழைய விரும்பும் எவரையும் நான் முதலில் படிக்கச் சொல்வது அதைத்தான். ஹைடன் வெள்ளைக் காலுறையும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, தலைக்குப் பொடி பூசி வர வேண்டும். தம் கீழுள்ள கலைஞர்களையும் அவ்வாறே வரச் செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் முற்பகலிலும் பிற்பகலிலும் முன்கூடத்தில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா என்று இளவரசரின் கட்டளையைக் கேட்க வேண்டும். கலைஞர்களோடு உண்பதிலும் குடிப்பதிலும் அளவுக்கு மீறி நெருங்கிப் பழகக் கூடாது. இசைக்கருவிகளைப் பழுதின்றிப் பாதுகாக்க வேண்டும். சம்பளம் ஆண்டுக்கு 400 குல்டன் (அன்றைய ஆஸ்திரிய நாணயம்). அதோடு அலுவலர் பந்தியில் சாப்பாடு, அல்லது அதற்கு ஈடாக நாளொன்றுக்கு அரைக் குல்டன். அவர் விலக விரும்பினால் ஆறு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். இளவரசரோ எப்போது வேண்டுமானாலும் அவரை நீக்கலாம்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது நான்காவது விதி. இளவரசர் கட்டளையிடும் இசையை ஹைடன் இயற்ற வேண்டும். அதை வேறு யாருக்கும் தரக் கூடாது, படியெடுக்க விடக் கூடாது. இளவரசரின் அனுமதி இல்லாமல் பிறருக்காக எதையும் இயற்றக் கூடாது. அதாவது ஹைடனின் கையிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு சுரமும், மாளிகையின் நாற்காலி மேசைகளைப் போல, அந்தக் குடும்பத்தின் சொத்து. காலுறையும் தலைப்பொடியும் நம் கண்ணை உறுத்துகின்றன. ஆனால் கலைஞனைக் கட்டிப்போட்ட கயிறு இதுதான்.

அடுத்த ஆண்டே அந்த இளவரசர் இறக்க, அவருடைய தம்பி நிக்கோலாஸ் பொறுப்புக்கு வந்தார். ஹங்கேரியின் சதுப்பு நிலத்தில் எஸ்தர்ஹாசா என்ற பெரும் மாளிகையைக் கட்டியவர் இவரே. இவருக்கு பாரிடோன் என்ற கருவியின் மீது தீராத மோகம். வில்லால் மீட்டும் நரம்புகளின் பின்னே, தண்டின் மறுபுறத்தில், கட்டைவிரலால் சுண்டுவதற்கென்று இன்னொரு வரிசைக் கம்பிகளும் கொண்ட விந்தையான கருவி அது. அந்தக் காலத்திலேயே வாசிப்பவர்கள் அரிது. அந்தக் கருவிக்குப் போதுமான உருப்படிகள் வரவில்லை என்று 1765-இல் ஹைடன் எழுத்துமூலம் கண்டிக்கப்பட்டார். அதன்பின் அவர் இயற்றிய பாரிடோன் மூவிசைகள் (மூன்று கருவிகளுக்கான உருப்படிகள்) மட்டும் 120-க்கு மேல். உலகம் ஏறக்குறைய மறந்தே போன ஒரு கருவிக்காக ஒரு மேதையின் இத்தனை ஆண்டு உழைப்பு செலவாயிற்று என்று எண்ணும்போது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். ஆனால் அதே ஒதுக்குப்புறம்தான் தம்மைத் தனித்தன்மை கொண்டவராக்கியது, சுற்றிலும் தொந்தரவு செய்ய யாரும் இல்லாததால் துணிந்து சோதித்துப் பார்க்க முடிந்தது என்று ஹைடனே பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதிய கிரீசிங்கரிடம் சொல்லியிருக்கிறார். 1772-இன் 'பிரியாவிடை' சிம்பொனி அந்தச் சோதனைகளுள் ஒன்று. குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் எஸ்தர்ஹாசாவில் தங்கவேண்டியிருந்த கலைஞர்களுக்காக, இறுதிப் பகுதியில் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்தி, மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போக, கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டும் எஞ்சும்படி அதை அமைத்தார். இளவரசர் குறிப்பை உணர்ந்து மறுநாளே புறப்பட ஆணையிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இப்போது 1779-க்கு வருவோம். அந்தப் புதிய ஒப்பந்தத்தில் பழைய நான்காவது விதி இல்லை. அவ்வளவுதான். யாரும் யாரையும் எதிர்த்து முழங்கவில்லை. ஓவியர் வரைய அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பாரிஸில் ஹைடனின் இசையை 1760-களிலேயே அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. விதி நீங்கியதும் வியன்னாவின் அர்தாரியா பதிப்பு நிறுவனத்தோடு அவரே பேசி விற்கத் தொடங்கினார். 1780-களின் நடுவில் பாரிஸின் ஓர் இசைச் சங்கம் ஆறு சிம்பொனிகளைக் கேட்டு வாங்கியது. ஸ்பெயினின் காடிஸ் நகரிலிருந்து, சிலுவையில் இயேசு கூறிய ஏழு மொழிகளுக்கு இசை வேண்டுமென்று அழைப்பு வந்தது. ஒரே படைப்பை வியன்னாவில் ஒருவருக்கும் லண்டனில் வேறொருவருக்கும் விற்று, பதிப்பாளர்கள் தமக்குள் மோதிக்கொள்ளும் நிலையையும் உண்டாக்கினார். இது நேர்மையான வணிகம் அல்லதான். ஆனால் நாடு கடந்து செல்லுபடியாகும் பதிப்புரிமை இல்லாத காலத்தில், ஒரு படைப்புக்கு ஒருமுறை மட்டுமே பணம் கிடைத்துவந்த நிலையில், வேறு எப்படித்தான் பிழைத்திருக்க முடியும் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

ஹைடன் கதவைத் திறந்தார் என்றால் மோட்சார்ட் சன்னல் வழியாகக் குதித்தார் என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். 1781 வசந்தத்தில் வியன்னாவில், தம் எசமானரான சால்ஸ்பர்க் பேராயர் கொலொரெடோவின் பந்தியில் ஏவலாளர்களுக்குக் கீழேயும் சமையல்காரர்களுக்கு மேலேயும் தமக்கு இடம் தரப்பட்டதைத் தந்தைக்குக் கசப்போடு எழுதினார். ஜூன் மாதம் பேராயரின் அலுவலர் ஆர்கோ பிரபு அவரைப் பின்புறத்தில் உதைத்து வெளியேற்றினார். அதன்பின் மூன்றே ஆண்டுகளில், தம் கச்சேரித் தொடருக்கு முன்பணம் கட்டிய 174 பேரின் பட்டியலைத் தந்தைக்குப் பெருமையோடு அனுப்பினார். ஆனால் 1788-இல் ஆஸ்திரியா துருக்கியோடு போரில் இறங்க, பிரபுக்கள் வியன்னாவை விட்டுப் போக, கச்சேரிகள் அருகின. 1789 கோடையில் மீண்டும் ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விட்டபோது அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: ஃபான் ஸ்வீட்டன் பிரபு. தாம் சந்தாதாரர் தேடிய கதையை மோட்சார்ட் எழுதியிருப்பது, கடன் கேட்டு புக்பெர்கு என்ற நண்பருக்கு அனுப்பிய கடிதத்தில். 174-க்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளை உங்கள் கட்டுரையில் நான் தேடினேன், கிடைக்கவில்லை. எசமானனை விட்டு வந்துவிடுவது ஒன்று. சீட்டு வாங்கக் கூட்டம் நிலையாக வருவது வேறு.

அந்தக் கூட்டம் அப்போது லண்டனில் இருந்தது. 1790 செப்டம்பரில் நிக்கோலாஸ் இறக்க, வாரிசு இசைக்குழுவைக் கலைத்தார். ஹைடனுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. லண்டனில் கச்சேரிகள் நடத்திவந்த வயலின் கலைஞர் சாலமன் செய்தி அறிந்து நேரே வியன்னாவுக்கு வந்து அவரை அழைத்துச் சென்றார். ஓர் ஓபராவுக்கு 300 பவுண்டு, ஆறு சிம்பொனிகளுக்கு 300, அவற்றின் பதிப்புரிமைக்கு 200 என்று பேச்சு. 1791 புத்தாண்டு நாளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கியபோது ஹைடனுக்கு வயது 58. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் தம் தோழி மரியானே ஃபான் கென்சிங்கர் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். சிறிதளவு சுதந்திரம் எவ்வளவு இனிக்கிறது, எனக்கு நல்ல இளவரசர் வாய்த்திருந்தார், ஆனால் சில வேளைகளில் அற்பர்களை அண்டியிருக்க நேர்ந்தது, இப்போது நான் கட்டுண்ட பணியாள் அல்லன் என்ற உணர்வே என் எல்லா உழைப்புக்கும் ஈடாகிறது என்ற பொருள்பட எழுதுகிறார். உங்கள் கட்டுரையின் கருத்தை இதைவிடத் தெளிவாகச் சொன்ன சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை; அதை எழுதியவர் நீங்கள் ஒரே வரியில் கடந்த அந்த முதியவர். 1795 மே 4 அன்று நடந்த கச்சேரியில் ஒரே இரவில் 4000 குல்டன் சேர்ந்தது என்றும், இது இங்கிலாந்தில் மட்டுமே நடக்கும் என்றும் தம் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறார். 1761 ஒப்பந்தப்படி அது பத்து ஆண்டுச் சம்பளம்.

இந்தப் பின்னணியில் பீத்தோவனைப் பார்த்தால் அவர் சிறுத்துப்போக மாட்டார். இன்னும் சுவையானவராகவே தெரிவார். 1808-இல் நெப்போலியனின் தம்பி ஜெரோம், காசெல் நகரில் அரசவை இசை இயக்குநர் பதவி தருவதாக அழைத்தார். பீத்தோவன் அந்த அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வியன்னாவின் பிரபுக்களிடம் பேரம் பேசினார். 1809 மார்ச் 1 தேதியிட்ட உடன்படிக்கையில் ருடால்ஃப் 1500, லோப்கோவிட்ஸ் 700, கின்ஸ்கி 1800 என மொத்தம் ஆண்டுக்கு 4000 ஃப்ளோரின் (குல்டனின் மற்றொரு பெயர்) தர இசைந்தார்கள். அதற்கு ஈடாக அவர் செய்ய வேண்டியது, வியன்னாவிலோ ஆஸ்திரியப் பேரரசரின் பரம்பரை நிலத்தில் வேறோர் ஊரிலோ தங்கியிருப்பது. முன்கூடத்தில் நிற்க வேண்டாம், பொடி பூச வேண்டாம், யார் கட்டளைக்கும் இயற்ற வேண்டாம். 1761-இன் தாளையும் 1809-இன் தாளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அந்த 48 ஆண்டுகளில் நடந்தது என்னவென்று விளங்கும். முதல் தாளில் பிரபு இசையை வாங்குகிறார். இரண்டாவதில் பிரபு, கலைஞன் ஊரில் இருப்பதற்கே பணம் கொடுக்கிறார்.

அந்தத் தாளும் அவரை முழுதாகக் காக்கவில்லை. நெப்போலியனோடு நடந்த போர்களால் நொடித்துப்போன ஆஸ்திரியா, 1811-இல் தன் காகிதப் பணத்தின் மதிப்பை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தது. ருடால்ஃப் மட்டும் தம் பங்கைக் குறையாமல் புதிய பணத்தில் தந்தார். கின்ஸ்கி 1812 நவம்பரில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். லோப்கோவிட்ஸின் சொத்து கடனில் மூழ்கியது. பீத்தோவன் கின்ஸ்கியின் வாரிசுகளோடு வழக்காடி, 1815-இல் ஆண்டுக்கு 1200 ஃப்ளோரின் என்று முடிவு கண்டார். மூவர் பங்கும் சேர்ந்து வந்த 3400 ஃப்ளோரினை 1827-இல் இறக்கும்வரை பெற்றுவந்தார்.

கட்டுரையை நூலில் சேர்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். டெப்லிட்ஸ் காட்சியை நீக்கச் சொல்லவில்லை. நல்ல கதை, இருக்கட்டும். அதற்கு முன்னால் 1779 ஒப்பந்தத்துக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். 1809 உடன்படிக்கையை முழுமையாகவே மொழிபெயர்த்துப் போடுங்கள், அது நீளமானதும் அன்று. லண்டன் பகுதியை எழுதும்போது, ஹைடன் இரண்டாம் பயணம் முடிந்ததும் அடுத்த எஸ்தர்ஹாசி இளவரசரிடமே திரும்பிப்போய், இளவரசியின் பெயர்நாளுக்காக (அவர் பெயர் கொண்ட புனிதரின் திருநாள்) ஆறு திருப்பலி இசைகளை இயற்றிக் கொடுத்தார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். சுதந்திரம் இனிக்கிறது என்று எழுதியவர் ஏன் திரும்பினார் என்று வாசகர்கள் கேட்பார்கள். அதற்கு உங்கள் விடை என்ன என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்