கையை மறைத்துப் பேசும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். அப்பாவின் சர்க்கரை அளவு இந்த மாதம் கட்டுக்குள் இருக்கிறது. சித்தி பரிசோதனைக்குப் போய் வந்தாள். எல்லாம் சரியாக இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார். மற்ற செய்திகளை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். இன்று மனம் ஒரே இடத்தில் நிற்கிறது.

பதினெட்டு வயது நிறைந்ததிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளன்றும் ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிய கையைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாய். அந்தப் படங்களில் ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. வேலையில் இருந்தவரை உடன் பணிபுரிந்த செவிலியர் அனைவருக்கும் அவற்றைக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இந்த ஆண்டு படம் வரவில்லை. கேட்டபோது, "இந்த வருஷம் குடுக்க முடியாதும்மா, விடும்மா" என்றாய். காய்ச்சலா, ரத்தசோகையா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று நான் அடுக்கிய கேள்விகள் அனைத்துக்கும் இல்லை, இல்லை என்றே பதில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய். ரத்தம் கொடுக்க வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளை உன் அம்மா எத்தனை ஆயிரம் முறை வாய்விட்டுப் படித்தவள் என்பதை நீ அந்த நேரத்தில் மறந்துவிட்டாய் போலும். அந்தப் படிவத்தில் நோய் எதுவும் இல்லாத, மருந்து எதுவும் சாப்பிடாத, உன் வயதுப் பெண்ணைத் திருப்பி அனுப்பக்கூடிய காரணங்கள் மிகச் சில. அதன் பிறகு வீடியோவில் பேசும்போதெல்லாம், வியர்த்துக் கொட்டும் நாளிலும், முழுக்கைச் சட்டையோடுதான் நீ வருகிறாய்.

நீயாகச் சொல்லும்வரை நான் கேட்கப் போவதில்லை. ஆனாலும் நீ கையில் பச்சை குத்திக்கொண்டிருக்கிறாய் என்று வைத்துக்கொண்டே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நான் நினைப்பது தவறென்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடு. தவறில்லையென்றால் இனி எழுதப்போவதை நிதானமாகப் படி.

என் பயம் படத்தைப் பற்றியதே அன்று. உன் இடது தோளில் இருக்கும் தடுப்பூசித் தழும்பைப் பற்றியது. சிறு புள்ளியாக ஆற வேண்டிய அந்த இடம் உனக்கு மட்டும் தடித்து, ஊசி பட்ட எல்லையையும் தாண்டிப் பரவி வளர்ந்ததையும், அதை மறைப்பதற்காகவே கையில்லாத சட்டையைத் தொடமாட்டேன் என்று நீ அழுததையும் நான் மறக்கவில்லை. அத்தையின் காது மடலை நீ பார்த்திருக்கிறாய். கம்மலுக்காகக் குத்திய துளையில் கொட்டை அளவு திரண்ட சதையை ஒருமுறை வெட்டி எடுத்தார்கள், அது முன்பைவிடப் பெரிதாக வளர்ந்தது. கீலாய்டு என்னும் இந்தத் தழும்பு குடும்ப வழியாக வருவது. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் அதிகம் தோன்றுவது. தோள், மார்பு, காது மடல் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். புண் ஆறிவிட்டது என்று நாம் நிம்மதியடைந்து பல மாதங்கள் கழித்தும் தலையெடுக்கக்கூடியது. பச்சை குத்துவது என்பது தோலில் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான சிறு காயங்களை உண்டாக்குவதுதான். உன் தோல் ஒரு காயத்துக்கே எப்படி நடந்துகொண்டது என்பதைப் பார்த்தவள் நான்.

இதையும் கேட்டுவிடுகிறேன். அந்தத் தழும்பை மறைப்பதற்காகவே அதன் மேல் படம் வரைந்துகொண்டாயா? இரவில் இந்த நினைப்பு வந்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அப்படியானால் உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனமே வராது. அத்தனை ஆண்டுகள் சட்டைக்குள் ஒளித்து வைத்த இடத்தில், நீயே விரும்பி ஒரு பூவையோ பறவையையோ வைத்துப் பார்க்க ஆசைப்பட்டிருப்பாய். சிறு வயதிலிருந்தே உன் நோட்டுப் புத்தக ஓரங்களில் படம் இல்லாத பக்கமே கிடையாது. குத்தியிருந்தால் அதுவும் உன் கையால் வரைந்த படமாகத்தான் இருக்கும். ஆனால், கண்ணம்மா, தழும்பு வளரும் தோலில், அதுவும் தழும்பின் மேலேயே ஊசி பாய்ச்சுவது தோல் மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்லும் காரியம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கைபேசியிலேயே ஒரு மருத்துவரிடம் உன்னைப் பேச வைத்திருப்பேன். தோல் பிரிவில் இத்தனை ஆண்டுகள் வேலை பார்த்த ஒருத்தி வீட்டில் இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவரிடம் கையை நீட்டியிருக்கிறாயே என்பதுதான் என் வருத்தம்.

நீ ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பெரியப்பா வீட்டில் அன்று அண்ணனின் கழுத்தைப் பார்த்து அப்பா பேசியபோது நீ கதவருகே நின்றுகொண்டிருந்தாய். அப்பாவின் தலைமுறையில் உடம்பில் படம் போட்டவன் என்றால் அடியாள், சிறைக்குப் போய் வந்தவன் என்ற எண்ணம்தான். அந்த எண்ணம் அவராக உண்டாக்கிக்கொண்டதும் இல்லை. ஜப்பானில் ஒரு காலத்தில் குற்றவாளிகளுக்குத் தண்டனையாகவே பச்சை குத்தினார்கள். இன்றும் அங்கே பல பொதுக் குளியலிடங்களில் பச்சை குத்தியவர்களை உள்ளே விடுவதில்லை. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் மனிதர்களின் கையில் எண்களைக் குத்தினார்கள். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பின்னாளில் இங்கிலாந்தின் அரசரான ஏழாம் எட்வர்டு 1862இல் எருசலேமுக்குப் போனபோது கையில் சிலுவை குத்திக்கொண்டார். அவருடைய மகன் ஐந்தாம் ஜார்ஜ் ஜப்பானில் ஒரு டிராகனைக் குத்திக்கொண்டு திரும்பினார். 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுத்த, ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான மனித உடலில் 61 கோடுகளும் குறிகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் 2023இல் பியூ என்னும் ஆய்வு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 32 விழுக்காட்டினர் பச்சை குத்தியிருந்தார்கள். ஆண்களைவிடப் பெண்களே அதிகம். குத்திக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஏதாவது ஒன்றுக்காக வருந்துவதாகச் சொன்னார்கள் என்பதையும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது.

அப்பாவிடம் நான் இவற்றையெல்லாம் சொல்லி வாதாடவில்லை. சித்தியைப் பற்றி மட்டும் ஒரு நாள் பேசினேன். கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது ஒவ்வொரு நாளும் கருவியை அதே இடத்தில் பொருத்துவதற்காக அவள் மார்பில் கடுகளவுப் புள்ளிகளைக் குத்தினார்கள் அல்லவா? அதுவும் அதே ஊசி, அதே மை, அழியாத அதே பச்சைதான். அதைப் பற்றி அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "அது வேற" என்றார். வேறுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உடம்பில் ஒரு குறி ஏன் வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு அதைப் பார்க்கும் கண் மாறிவிடுகிறது என்பதை அவர் மௌனமாக இருந்ததிலேயே நான் கண்டேன். உன் காரணத்தையும் அவர் கேட்டால் போதும் என்று நினைக்கிறேன். எனக்கும் இது பிடிக்காது, பிடித்ததுபோல் நடிக்கவும் மாட்டேன். உன் தோல் எனக்கு அப்படியே அழகாக இருந்தது. ஆனால் பிடிக்காத ஒன்றைப் பார்ப்பதற்கும், பெற்ற மகளின் கையையே பார்க்காமல் இருப்பதற்கும் எவ்வளவோ தூரம்.

நல்ல வேளையாக, ஒரு விஷயத்தில் நீ என் மகள் என்று காட்டிவிட்டாய். குத்தியதை மறைத்துவிட்டு ரத்தம் கொடுக்கப் போகாமல் தள்ளி நின்றாயே, அதற்காக உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் கிருமி உடம்பில் நுழைந்தாலும் தொடக்க வாரங்களில் பரிசோதனையில் சிக்காமல் இருக்கக்கூடும். அதனால்தான் பிரிட்டனில் நான்கு மாதம், வேறு சில நாடுகளில் அதைவிட அதிகம் என்று காத்திருக்கச் சொல்கிறார்கள். நியூயார்க் நகரம் ஹெபடைடிஸ் பயத்தால் 1961இல் பச்சை குத்தும் தொழிலுக்கே தடை விதித்து, 1997இல்தான் அதை விலக்கியது. இப்போது ஊசியை ஒருவருக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறிந்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஊசி மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது, மையும் சுத்தமாக இருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், நீர் கலந்து தயாரித்த சாம்பல் நிற மையில் கிருமி இருந்ததால் 19 பேருக்குத் தோல் தொற்று உண்டானதாக 2012இல் மருத்துவ இதழில் வந்தது. உன் முன்னாலேயே ஊசி உறையைப் பிரித்தார்களா, மையைச் சிறு கிண்ணத்தில் புதிதாக ஊற்றினார்களா, எந்த மை என்று எழுதிக் கொடுத்தார்களா? நினைவிருந்தால் எழுது. சிவப்பு நிறம் உண்டா என்பதையும் எழுது. ஒவ்வாமை அதிகம் வருவது சிவப்பில்தான்.

லேசரில் எடுத்துவிடலாம் என்று உன் வயதுப் பிள்ளைகள் எளிதாகச் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். எடுப்பதை நான் அருகில் நின்று பார்த்தவள். கருங்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு பெண் கட்டிலில் படுத்திருப்பாள். மணிக்கட்டில் ஒரு பெயர், நான்கே எழுத்து. ஒளி பட்டவுடன் சடசடவென்று சத்தம் கேட்கும். பட்ட இடம் அந்தக் கணத்திலேயே வெண்மையாகப் பொங்கி, எழுத்தின் வடிவத்திலேயே எழுந்து நிற்கும். ஒரு விரலால் என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் அவள் அழுவாள். வாரக்கணக்கில் இடைவெளி விட்டு அவள் திரும்பத் திரும்ப வந்தாள். கறுப்பு மங்கியது, பச்சை நிறத்தில் இருந்த இலை மங்கவில்லை. மாநிறத் தோலில் லேசர் பட்ட இடம் வெளுத்தோ கறுத்தோ போவதும் உண்டு; அவளுக்கு வெளுத்தது. பெயர் போன பிறகும் பெயர் இருந்த இடத்தைப் படிக்க முடிந்தது.

மை ஏன் அவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது என்று ஒரு மருத்துவரிடம் கேட்டேன். அழுக்கு என்று நினைத்து அதை விழுங்கும் பாதுகாப்புச் செல்களால் அதைச் செரிக்க முடிவதில்லை. அவை மடியும்போது அடுத்து வரும் செல்கள் அதே மையை வாங்கி வைத்துக்கொள்கின்றன என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018இல் எலிகளில் காட்டினார்கள் என்றார். கொஞ்சம் மை நகர்ந்து அக்குள் நிணநீர் முடிச்சுகளிலும் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 தொடக்கத்தில் மைகளில் சேரும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் இந்தக் கவலையால்தான். நடந்ததற்காக உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. இரண்டாவது ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறு. முதல் இடம் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இரண்டாவது இடத்தைத் தொடாதே. திரும்பவும் சொல்கிறேன், இரண்டாவது வேண்டாம். வேண்டவே வேண்டும் என்றாலும் தோளில் வேண்டாம்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில், சன்னலருகே நின்று, கோட்டின் மேல் விரல் நுனியை ஓட்டிப் பார். சமமாக இருக்கிறதா, நூல்போல் எழும்பியிருக்கிறதா? எழும்பியிருந்தால் எந்த நிறத்தில்? அரிக்கிறதா, இறுக்கிப் பிடிக்கிறதா? தோழி கொடுத்தாள் என்று எந்தக் களிம்பையும் தடவாதே. சொறியாதே. கையை எடு, கண்ணம்மா. சின்ன வயதில் தூக்கத்தில்கூடச் சொறிவாய். தடிப்புத் தொடங்கியிருந்தால் ஆரம்பத்திலேயே தழும்புக்குள் மருந்தை ஊசியாகச் செலுத்தி அடக்கிவிட வாய்ப்பு அதிகம்; அத்தைக்கு இதைச் சொல்ல அன்று ஆளில்லை, உனக்கு இருக்கிறது. பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. மாதம் ஒரு படம், அதே இடம், அதே அளவுகோல். வளர்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

அப்பாவிடம் நீயே சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று மட்டும் எழுது. நான் சொல்வதானால் முதலில் தழும்பிலிருந்து தொடங்குவேன். நீ அழுததை அவரும் மறக்கவில்லை. அந்தப் படம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வரட்டும். வராவிட்டால் நானே அழைப்பேன், அப்போது நேராகவே கேட்பேன்.

உன் அம்மா